நம்ம ஊர்ப் பொட்டலில் எல்லாப் பிள்ளையும் விளையாடட்டும்

(அறந்தாங்கி வட்டாரத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் பேசியது)

 

சுகாதாரத் துறைக்காரர் மைக்கைப் பிடித்தால் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி, கழிப்பறை, கொசு. கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். இன்றைக்கு நான் பேச வந்தது விளையாட்டைப் பற்றி. "நாற்று நடவை விட்டுட்டு வந்தா இந்த மனுஷன் விளையாட்டைப் பத்திப் பேசுறாரே" என்று எழுந்துவிடாதீர்கள். இதுவும் ஆரோக்கிய விஷயம்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் தெருவில் நின்று பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை வீசிவிட்டுப் பொட்டலுக்கு ஓடும். அதே தெருவில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கால் சூம்பியிருக்கலாம். கை கால் விறைத்து, வாயில் எச்சில் வடியலாம். கண் தெரியாமல் இருக்கலாம், காது கேளாமல் இருக்கலாம். வயது பத்தாகியும் நாலு வயதுப் புத்தியோடு இருக்கலாம். உடம்பு திண்ணையில், மனசு பொட்டலில். பெற்றவளைக் கேட்டால், "அவனுக்கு என்னங்க, வேளாவேளைக்குச் சோறு ஊட்டுறேன், டிவி இருக்கு, செல்போன் இருக்கு, ஒரு குறையும் வைக்கலை" என்பாள். அவள் சொல்வது பொய் இல்லை. சோறும் மருந்தும் கொடுத்திருக்கிறாள். விளையாட்டும் சோறு மாதிரி ஒரு தேவை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஏன் தேவை என்று சொல்கிறேன், கேளுங்கள். குழந்தையின் மூளை ஐந்து வயதுக்குள் பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 90 சதவிகிதம் வளர்ந்துவிடுகிறது. அந்த வளர்ச்சிக்குப் பாலும் முட்டையும் மட்டும் போதாது. தொடுவது, எறிவது, உருளுவது, விழுந்து எழுவது, இன்னொரு பிள்ளையோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆவது எல்லாம் மூளைக்குத் தீனி. பேச்சு தாமதமான பிள்ளைக்கு, அதே வயசுப் பிள்ளைகளின் கூச்சலைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இது எல்லாப் பிள்ளைக்கும் பொது. ஊனம் உள்ள பிள்ளைக்கு இன்னும் ஒரு காரணம் கூடுதலாக இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார வைத்தால் தசை இறுகும், மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். நேற்று நீட்ட முடிந்த காலை அடுத்த வருஷம் நீட்ட முடியாது. உட்கார்ந்த இடத்தில் புண் வரும், உடம்பு பெருக்கும். அப்புறம் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்ட அம்மாவுக்கு இடுப்புப் போகும். பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியை வீட்டில் செய்யச் சொன்னால் பிள்ளை அழும்; அதே கையை நீட்டிப் பந்தைப் பிடி என்றால் சிரித்துக்கொண்டே நீட்டும்.

சரி, அப்படியானால் ஏன் திண்ணையை விட்டு இறக்குவதில்லை? பெற்றவர்கள் சொல்கிற காரணங்களை என் சர்வீஸில் நிறையக் கேட்டிருக்கிறேன். விழுந்துவிடும் என்ற பயம். மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும் என்ற பயம். நாலு பேர் பார்த்து "ஐயோ பாவம்" என்பார்களே என்ற கூச்சம். இந்த மூன்றாவதுதான் பெரியது என்பது என் அபிப்பிராயம். பிள்ளையை மறைப்பதாக நினைத்துக்கொண்டு பெற்றவர்கள் தங்களையே மறைத்துக்கொள்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதில்லை. "உங்க அம்மா வழியில யாருக்கோ இப்படி இருந்துச்சாமே" என்று ஒரு சொல் விழும். "சொந்தத்துல கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?" என்று பதில் சொல் வரும். புருஷன் வெளியூர் வேலை, வெளிநாட்டு வேலை என்று கிளம்பினால் வருஷக்கணக்காய் வருவதில்லை. பெண்சாதி மட்டும் பிள்ளையோடு வீட்டில் அடைந்து கிடப்பாள். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரை, ருபெல்லா தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றியெல்லாம் வேறு நாளில் பேசலாம். பிறந்துவிட்ட பிள்ளையின் விஷயத்தில் யார் பக்கத்துக் குற்றம் என்ற பஞ்சாயத்தால் ஒரு பைசா பிரயோசனமில்லை.

இன்னொருவரையும் நான் சொல்லியாக வேண்டும்: அந்த வீட்டு மூத்த பெண் பிள்ளை. அம்மா களை எடுக்கப் போகும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுகிறாள். ஒரு நாள் இரண்டாகும், எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும். தம்பிக்குப் பொட்டலில் ஒரு இடம் இருந்தால் அக்காளுக்கும் சாயங்காலம் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

இப்போது, வீட்டில் அப்படிப் பிள்ளை இல்லாதவர்கள் கவனிக்க வேண்டும். "அது பக்கத்துல போகாதே" என்று உங்கள் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கிறீர்களே, அந்த ஒரு இழுப்பு போதும், அடுத்த நாளிலிருந்து அந்தத் தாய் வெளியே வரமாட்டாள். மூளை முடக்குவாதமோ, காது கேளாமையோ, மனவளர்ச்சிக் குறைவோ, ஆட்டிசமோ ஒட்டிக்கொள்ளும் வியாதி அல்ல. எச்சில் பட்டாலும் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. வாயும் வயிறுமாக இருக்கிறவள் அந்தப் பிள்ளையைப் பார்த்தால் தன் பிள்ளையும் அப்படியே பிறக்கும் என்று சில பாட்டிமார் சொல்கிறார்கள். அதில் துளியும் உண்மை இல்லை. அப்படி இருந்தால் எங்கள் செவிலியர் ஒருவருக்கும் நல்ல பிள்ளை பிறந்திருக்காது!

இளம்பிள்ளை வாதம்தான் போய்விட்டதே, இனி ஊனமுள்ள பிள்ளை ஏது என்று கேட்கிறவர்களும் உண்டு. 1995-ல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களால் அந்த நோயை ஒழித்தோம். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டது. உங்கள் தாய்மார்கள் வரிசையில் நின்றதற்குக் கிடைத்த பலன் அது. ஆனால் பிறந்ததும் அழாத குழந்தை, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை, பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறிய குழந்தை ஆகியோருக்கு வேறு வகை ஊனம் வரலாம். முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய குழந்தைகள் பலர் இப்போது பிழைக்கிறார்கள். பிழைத்தவர்கள் எல்லோரும் வளர்ந்து வரும்போது அவர்களுக்கு ஊரில் ஒரு இடம் வேண்டாமா?

விளையாட்டுக்கு வருகிறேன். நம் பிள்ளைகளின் ஆட்டங்களில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. சின்னப் பிள்ளை ஒன்று "நானும் வர்றேன்" என்று அழுதால், ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவுட் கிடையாது, பிடிபட்டாலும் கணக்கில் வராது. அதற்கு "ஒப்புக்குச் சப்பாணி" என்று பெயர். பேர் எனக்குப் பிடிக்காது. கால் வராத பிள்ளையை வைத்து உண்டான வசைச் சொல் அது. ஆனால் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஊனமுள்ள பிள்ளையை முதல் இரண்டு மூன்று நாள் அப்படிச் சேர்க்கலாம். அதற்கு மேல் கூடாது. தோற்கவே முடியாத பிள்ளை ஜெயிக்கவும் முடியாது. அது கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஆட்டத்தின் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்து, மெய்யான ஆட்டக்காரனாக ஆக்க வேண்டும்.

எப்படி வளைப்பது? பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, பிள்ளைகளிடம் விட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். இருந்தாலும் சிலவற்றைச் சொல்கிறேன். கண் தெரியாத பிள்ளைக்குச் சத்தம் வரும் பந்து வேண்டும். கண் பார்வையற்றோர் கிரிக்கெட்டில் உள்ளே குண்டு போட்ட, கிலுகிலுக்கும் பந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1998-லேயே டெல்லியில் அவர்களுக்கு உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. நமக்குக் கடையில் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஜல்லிக்கட்டுக் காளை இல்லாத ஊரா இந்த மாவட்டத்தில்? அதன் சலங்கையில் நாலு மணியை எடுத்துத் துணிப்பந்துக்குள் வைத்துத் தைத்தால் தீர்ந்தது. அதுவும் இல்லையென்றால் பந்தைச் சரசரக்கும் கேரி பையில் போட்டுக் கட்டுங்கள். கண்ணாமூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஆளுக்கு ஒரு முறை எல்லோருமே கண் தெரியாதவர்தானே! அந்த ஆட்டத்தில் பார்வையில்லாத பிள்ளை மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஆளைப் பிடித்துவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். அது தினமும் சத்தத்தை வைத்து நடமாடுகிற பிள்ளை.

காது கேளாத பிள்ளை இருந்தால் விசிலுக்குப் பதில் ஒரு சிவப்புத் துணியை ஆட்டுங்கள். ஓட முடியாத பிள்ளை கிரிக்கெட்டில் மட்டை பிடிக்கட்டும், வேறொருவன் ஓடட்டும். பாண்டி ஆடும்போது சக்கர நாற்காலிப் பிள்ளைக்குக் கட்டத்தைப் பெரிதாகப் போட்டுச் சில்லை எறியச் சொல்லலாம். பல்லாங்குழி இருக்கிறதே, அதைப் போல ஒரு சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. கண் தெரியாத பிள்ளை தடவிப் பார்த்தே ஆடும். விரல் வராத பிள்ளைக்குப் புளியங்கொட்டையைப் பொறுக்குவது பயிற்சி. புத்தி மெதுவான பிள்ளைக்கு அதுவே எண்ணும் பாடம். பல வீட்டுப் பரணில் தூசி பிடித்துக் கிடக்கிறது. இறக்கிக் கழுவுங்கள்.

அடுத்து இடம். பிள்ளை விளையாட வேண்டும் என்றால் முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும். ஊராட்சிப் பூங்காவோ பள்ளி மைதானமோ, வாசலைப் பாருங்கள். மாடு நுழையாமல் இருக்க வளைந்து வளைந்து போகும் இரும்புக் கதவு போட்டிருப்பார்கள். மாடும் போகாது, சக்கர நாற்காலியும் போகாது. நாற்காலி போக மூன்று அடி அகலம் வேண்டும், திரும்ப ஐந்து அடி இடம் வேண்டும். வாசலில் ஒரு அடி உயரப் படி இருந்தால் அதற்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் கட்ட வேண்டும். இரண்டு அடியில் குத்தாகச் சரித்துச் சிமெண்டு பூசிவிட்டு "சாய்தளம் கட்டியாச்சு" என்று கணக்குக் காட்டுவது சில இடங்களில் நடக்கிறது. அது சறுக்குமரம், சாய்தளம் அல்ல.

உள்ளே பாதை. மணலில் சக்கரம் புதையும், சரளைக் கல்லில் இழுக்காது. சிமெண்டுப் பாதை போடக் காசு இல்லாவிட்டால் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, நாலு அடி அகலத்தில் ஒரு கெட்டிப் பாதை போடுங்கள். மழைக்குப் பிறகு ஒரு தரம் பார்த்துச் சரி செய்ய வேண்டும். பாதை ஓரம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் மங்கல் பார்வைப் பிள்ளைக்குத் தெரியும்.

ஊஞ்சல்தான் எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. வெறும் பலகை ஊஞ்சலில் கழுத்து நிற்காத பிள்ளை உட்கார முடியாது. முதுகுக்குச் சாய்வும் இடுப்புக்கு வாரும் உள்ள இருக்கை வேண்டும். நல்ல மரப்பலகையில் நம் ஊர்த் தச்சரே செய்துவிடுவார். பிளாஸ்டிக் நாற்காலியின் காலை அறுத்துத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. வெயிலில் கிடந்தால் அது நொறுங்கிவிடும், ஜாக்கிரதை. உட்காரவே முடியாத பிள்ளைக்குப் படுத்தபடி ஆடுகிற கூடை ஊஞ்சல் என்று பெரிய நகரங்களில் வைக்கிறார்கள். அது வேறொன்றும் இல்லை, நம்ம தூளிதான், கொஞ்சம் பெரிது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்தில் பழைய வலையும் கயிறும் கிடைக்கும். கண்ணி நெருக்கமாக, இரட்டையாகப் பின்னி வேப்பமரக் கிளையில் கட்டலாம். முருங்கைக் கிளையை மட்டும் நம்பாதீர்கள். கீழே ஆற்று மணல் பரப்பியிருக்க வேண்டும், தரைக்கும் ஊஞ்சலுக்கும் ஒன்றரை அடிக்கு மேல் இருக்க வேண்டாம். சக்கர நாற்காலிப் பிள்ளை மணல் விளையாடக் கீழே இறங்க வேண்டியதில்லை: முழங்கால் உள்ளே போகும் உயரத்தில் ஒரு மேசைமேல் தொட்டி வைத்து மணல் நிரப்புங்கள். மற்றப் பிள்ளைகளும் அதைச் சுற்றி வந்து நிற்கும், அதுதானே நமக்கு வேண்டியது. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குச் சத்தம் தாங்காது, திடீரென்று ஓடிவிடும். அதனால் ஒரு மூலையில் நிழலும் அமைதியும் வேண்டும், சுற்றி வேலி வேண்டும். பக்கத்தில் கண்மாயோ மூடாத கிணறோ இருந்தால் வேலி இல்லாமல் எதையும் ஆரம்பிக்கவே கூடாது.

சில எச்சரிக்கைகள். வலிப்பு வருகிற பிள்ளை மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. உயரத்தில் ஏறும்போதும் தண்ணீர் ஓரத்திலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் கழுத்தெலும்பு தளர்வாக இருக்கலாம், இருதயக் கோளாறும் இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணம் அடிக்க விடாதீர்கள். காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளை பிளாஸ்டிக் சறுக்கில் சறுக்கும்முன் காதில் மாட்டியிருக்கும் வெளிக்கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். உரசலில் உண்டாகும் மின்சாரம் கருவியைக் கெடுத்துவிடலாம். தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளையைக் களைக்கும் அளவுக்கு ஆடவிடக் கூடாது. மற்றபடி முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் பயப்படாதீர்கள். மஞ்சள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடாமல், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், போதும். விழ உரிமை இல்லாத பிள்ளைக்கு நடக்க வராது.

இதெல்லாம் பட்டணத்துக் கதை என்று நினைக்காதீர்கள், பட்டணத்திலும் சும்மா வரவில்லை. பெங்களூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர் சேர்ந்து கிலிகிலி என்ற அமைப்பை உண்டாக்கி, மாநகராட்சியோடு பேசி, பூங்காக்களில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் இடங்களை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி 2019-ல் சாந்தோமில் அப்படி ஒரு பூங்காவைத் திறந்தது. மெரினாவில் கடல் அலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்காய்க் கேட்டார்கள். முதலில் வருஷத்தில் சில நாளுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை வந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது, திரும்பச் சரி செய்தார்கள். கஜா புயலைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. கட்டுவது ஒரு வேலை, காப்பாற்றுவது வேறு வேலை. அதனால்தான் சொல்கிறேன், விலை உயர்ந்த சாமான் வாங்கி வைத்துவிட்டுத் துருப்பிடிக்க விடுவதைவிட, நம் ஊர் ஆசாரி செய்து நம் ஊர் ஆசாரியே பழுது பார்க்கக்கூடிய ஊஞ்சல் மேல்.

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஊனமுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட வழி செய்ய வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது; 2007-ல் இந்தியா அதை ஏற்றுக் கொண்டது. அதன்படி வந்ததுதான் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது, இதில் 21 வகை. பொது இடங்கள் எல்லோரும் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து போங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். "பூங்கா வாசலை மூன்று அடி ஆக்கு, பாதை போடு, சாய்வு வைத்த ஊஞ்சல் ஒன்று வை" என்று அளவோடு கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். "ஏதாவது செய்யுங்க சாமி" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் காப்பாற்றினார். 2016-ல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம். பள்ளிக்கூட மைதானத்தில் மற்றப் பையன்களோடு தாண்டப் பழகியவர் அவர். இவரைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமும் உண்டு. "என் பிள்ளை என்ன மெடலா வாங்கப் போகுது" என்று நீங்கள் கேட்டுவிடக் கூடாதே! மெடல் வாங்காத பிள்ளைக்கும் சாயங்காலம் உண்டு.

ஊர் சிரிக்கும் என்று தயங்குகிறவர்களுக்கு இந்த மாவட்டத்துக் கதையையே சொல்கிறேன். 1991, 92-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துக் கற்ற பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள், ஆயிரக்கணக்கில். சேலை கட்டிய பெண் சைக்கிளில் போனால் தெருவில் நின்று கேலி பேசினார்கள். உங்களில் சிலருடைய அம்மாவும் அந்தக் கேலியைக் கேட்டவராக இருப்பார். இன்றைக்கு ஒரு பெண் சைக்கிளில் போனால் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? பொட்டலில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றால் முதல் வாரம் பார்ப்பார்கள். பிறகு, பந்து எங்கே போனது என்றுதான் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். உங்கள் குழந்தை நாலு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, எட்டு ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாராம்" என்று காத்திருக்காமல் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் வருகிறது. அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி வயதுப் பிள்ளையாக இருந்தால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிக்காரரும் உண்டு. எந்த விளையாட்டு இந்தப் பிள்ளைக்கு ஆகும், எது ஆகாது என்று அவர்களைக் கேளுங்கள். அடையாள அட்டை இன்னும் வாங்காதவர்கள் ஆதார் அட்டையும் போட்டோவும் எடுத்துக்கொண்டு செவிலியரைப் பாருங்கள், எங்கே எப்போது முகாம் என்று சொல்வார்.

தனியாகக் கேட்க வேண்டியது உள்ளவர்கள், கூட்டம் கலைந்த பிறகு வாங்க, நான் இங்கேதான் இருப்பேன். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால், அடுத்த தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள்.